பதினேழாம் கணக்கில் இருந்த ஜன்னல்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. புளியங்குடியில் இருந்தால் சங்கரன்கோவிலில் அம்மா தனியாக என்ன செய்கிறாளோ என்றிருக்கும். சங்கரன்கோவிலில் வந்து இறங்கினால் புளியங்குடியில் அடுப்பை அணைத்தேனா என்றிருக்கும். வாரத்தில் மூன்று நாள் காலையில் பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வருவேன். நாலரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என் வீட்டுக்காரர் எலுமிச்சை வியாபாரி. "காலுல வெந்நிய ஊத்திக்கிட்டே பொறந்தவ" என்று அவர் என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். பொய்யில்லை.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு வீட்டைக் கொடுத்து, இதில் ஒரு செங்கல் கூட அசையாமல் பார்த்துக்கொள் என்றார்கள். நான் பிறந்த வீடுதான். அப்பா புத்தகம் எழுதிய வீடு.

அப்பா கணக்கு வாத்தியார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் பயிற்சிப் புத்தகம் எழுதினார். கரிவலம்வந்தநல்லூர், குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கூட அதுதான் ஓடியது. அதில் பரப்பளவு பாடம் முழுக்க எங்கள் வீடு. பாடத்தின் தொடக்கத்திலேயே வீட்டின் படம் இருக்கும். கூடத்துக்குத் தளக்கல் பதிக்க எத்தனை கல், அறைக்கு வெள்ளையடிக்க எத்தனை சதுர அடி, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாகக் கணக்குகள். எல்லாம் அடிக்கணக்கு. மீட்டர் என்றாலே அப்பாவுக்கு ஆகாது. கிணற்றின் விட்டம் சரியாக ஏழு அடி. இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று பெருக்கத் தோதாக இருக்கட்டும் என்றுதான் எங்கள் தாத்தா அப்படித் தோண்டினார் என்று பையன்கள் கேலி செய்வார்கள். "வீட்டுக் கணக்கு" என்றால் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளிக்கூடத்தில் முன்பின் தெரியாத பெண் என்னிடம் வந்து, "ஒங்க வீட்டுக் கூடம் பதினெட்டுக்குப் பன்னெண்டாமே?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகையாக வரும்.

பதினேழாம் கணக்கு எங்கள் சமையலறை. எனக்கு இன்றும் மனப்பாடம். சமையலறையின் நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஒன்பது அடி, உயரம் பத்து அடி. ஆறு அடிக்கு மூன்றடியில் ஒரு வாசலும், நான்கு அடிக்கு மூன்றடியில் ஒரு ஜன்னலும் உள்ளன. வெள்ளையடிக்க வேண்டிய சுவர்ப் பரப்பு எவ்வளவு? விடை முந்நூற்றுத் தொண்ணூறு சதுர அடி. போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

எங்கள் சமையலறையில் ஜன்னலே கிடையாது.

அதற்கொரு காரணம் உண்டு. தாத்தா வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் இரண்டாகப் பங்கு வைத்துக்கொண்டபோது சமையலறையின் மேல்புறச் சுவர், அதாவது மேற்குச் சுவர், எல்லையானது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டு முற்றம். பாகப்பத்திரத்தில், மேல்புறச் சுவரில் ஜன்னலோ வாசலோ வைக்கப் பாத்தியமில்லை என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற மூன்று பக்கமும் வீட்டின் பிற அறைகள். ஆக, வெளிக்காற்று வர வேண்டுமென்றால் அந்தச் சுவர் ஒன்றுதான் வழி. அந்தச் சுவரைத் தொடக் கூடாது.

அம்மா அந்த அறைக்குள் காய்ந்த பருத்திச் செடியை, பருத்திமாரை, எரித்துச் சமைத்தாள். பருத்திமார்ப் புகை எப்படியிருக்கும் என்று கரிசல் காட்டுக்காரர்களுக்குத் தெரியும். வாசல் வழியாகத்தான் அது வெளியேற வேண்டும். அது வெளியேறும் வரை அம்மா இருமிக்கொண்டிருப்பாள். ஒரு ஜன்னல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கேட்பாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு விருந்தாள் வந்து போனபின் கேட்பாள். "கையெழுத்துப் போட்டிருக்கேம்லா" என்பார் அப்பா. அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். நல்லது கெட்டதுக்குப் போவோம், வருவோம், ஆனால் சுவரைப் பற்றி இரண்டு வீட்டாரும் வாய் திறப்பதில்லை. அப்பா ஊருக்கே நல்லவர். அது எனக்கு எப்போதும் எரிச்சலைத்தான் தந்தது.

நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, சமையலறை வாசலில் உட்கார்ந்து பதினேழாம் கணக்கைச் சத்தமாக வாசித்தேன். சத்தமாக வாசித்தால்தான் மனசில் நிற்கும் என்பது அப்பாவின் கட்டளை. ஜன்னல் என்ற இடம் வந்ததும் அம்மாவின் கையில் இருந்த அகப்பை நின்றது. "இன்னொரு மட்டம் வாசி" என்றாள். வாசித்தேன். கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். புகை என்று நினைத்துக்கொண்டு நான் கழித்தல் போட்டேன். குழம்பு அடிப்பிடித்தது. அன்று அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது மட்டும் வினோதமாக இருந்தது.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெரியப்பாவும் இல்லை. அடுப்பு போய் கேஸ் வந்துவிட்டது. புகை போனாலும் வேக்காடு போகவில்லை. அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. சோறு வடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிடும். என்னோடு புளியங்குடிக்கு வா என்றால் வர மாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் மகன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு இரண்டு வயது மூத்தவர், அண்ணன். பகல் முழுக்க அங்கே என்ன வேலை நடக்கும் தெரியுமா? ஜன்னலுக்குக் கம்பி அடிப்பார்கள். ஊரில் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் ஜன்னல் கம்பி அந்த முற்றத்திலிருந்துதான் போகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னல் இல்லாத அறையில் அம்மா வெந்துகொண்டிருப்பாள். அண்ணனிடம் கேட்டுவிடலாம் என்று பட்டறை வாசல் வரை போவேன். பேரப்பிள்ளைகள் சுகமா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். கடைசியில் நானும் அப்பாவின் மகள்தான்.

அப்போதுதான் பழைய மாணவர்கள் கிளம்பினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. அப்பாவிடம் படித்தவர், கணக்கில் தோற்று, பிறகு அப்பா வீட்டில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்துத் தேறியவர். சார் வீட்டை நினைவு இல்லமாக வைக்க வேண்டும், அம்மா இருக்கிற வரை அதிலேயே இருக்கட்டும், ஆனால் சார் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வீடு இருக்க வேண்டும் என்றார். அம்மா சரி என்று தலையசைத்தாள். நானும் சரி என்றேன். சும்மா கிடக்கிற நாற்காலியைக் கூட இடம் மாற்றி மாற்றிப் போடுகிறவள் நான், எப்படித்தான் ஒப்புக்கொண்டேனோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி நாலைந்து பேரோடு வந்தார். கையில் அளவு நாடா. இன்னொரு கையில் பழைய கணக்குப் புத்தகம், அட்டை போய் வெறும் தாளாக. புத்தகத்தோடு வீட்டை ஒப்பிட்டுப் பார்த்து, பிற்பாடு மாறியதை எல்லாம் பழையபடி ஆக்க வேண்டுமாம். கூடத்தை அளந்தார்கள். பதினெட்டுக்குப் பன்னிரண்டு. கைதட்டினார்கள். அறையை அளந்தார்கள். சரி. கிணற்றுக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்தார்கள். ஏழு அடி. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரு ஒரு இஞ்ச் கூடப் பொய் எழுதல பாத்தீங்களா" என்றார். அடுத்தது சமையலறை.

நீளம் சரி. அகலம் சரி. வாசல் சரி. அண்ணாச்சி புத்தகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். மூன்று சுவருக்கும் பின்னால் அறைகள் இருப்பதைப் போய்ப் பார்த்து வந்து, மேல்புறச் சுவரை விரலால் தட்டினார்.

"இங்கனதான் இருந்திருக்கும். பொறவு யாரோ அடைச்சிருக்காங்க."

நான் அங்கேதான் நின்றேன். இங்கே ஜன்னலே இருந்ததில்லை அண்ணாச்சி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் சுவர் அப்படியே இருக்கும், எப்போதைக்குமாக. அப்பா காலத்தில் இருந்தபடி என்று பலகையும் மாட்டிவிடுவார்கள். அதன்பிறகு யாராலும் அதைத் தொட முடியாது. சொல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணாச்சி அம்மாவிடமே கேட்டார். "அம்மா, இங்கன ஜன்னல் இருந்துச்சுல்லா?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "புத்தகத்துல இருக்குன்னா இருந்திருக்கும்" என்றாள்.

"அப்பச் சரி. அடுத்த வாரம் கொத்தனாரக் கூட்டியாரேன்."

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் பஸ் ஏறினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு பஸ்ஸில் யார் திரும்பிப் பார்த்தாலும் பயமாக இருந்தது. அண்ணாச்சி ஏமாறுகிறார் என்பது ஒரு பக்கம். அது கூடப் பெரிதில்லை. அண்ணன் வந்து பத்திரத்தைக் காட்டினால்? இருமல் இருமலாக அம்மா கேட்டுக் கிடைக்காத ஜன்னல், பாதி இடித்த ஓட்டையாக மறுபடி அடைபட்டால்? ஆசை காட்டி மோசம் செய்தவள் நானாகிவிடுவேன். இரண்டு தடவை பட்டறைக்குப் போனேன். முதல் தடவை அண்ணன் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார். முகமூடியைத் தூக்கிவிட்டு, "என்ன தங்கச்சி?" என்றார். மழை வருமா என்று கேட்டேன். மொட்டை வெயில். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஏது?" என்றார்.

குறித்த நாளில் கொத்தனார் வந்தார். அண்ணாச்சி சுவரில் நாலுக்கு மூன்று கட்டம் போட்டுக் காட்டினார். அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். "ஏட்டி, ஒரு எடத்துல இரி. பாக்கவே தல சுத்துது" என்றாள் அம்மா.

பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. கொத்தனார் உளியை வைத்து அடிக்க அடிக்கப் பொடியாகக் கொட்டியது. ஒரு கல் அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியே வெல்டிங் வெளிச்சம் நீலமாக உள்ளே அடித்தது. அடுத்த நொடி அது நின்றுவிட்டது.

"யாருவே அது, சொவத்த ஒடைக்கது?"

அண்ணன் தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வருவதற்குள் நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்துவிட்டேன். முகமூடியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். சுவரைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். அண்ணாச்சிக்குப் பத்திரம் இருப்பதெல்லாம் தெரியாது. உற்சாகமாகப் புத்தகத்தை அவரிடம் நீட்டினார்.

"பதினேழாங் கணக்குவே. சாரு வச்சிருந்த ஜன்னல எந்தப் புண்ணியவானோ அடைச்சுப்புட்டான். பழையபடி தொறக்கோம்."

அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணக்கை முழுக்க வாசித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்த மாதிரி இருந்தது. கொத்தனார் உளியைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தக் கணக்குக்கு நான் நானூத்தி ரெண்டுன்னு எழுதினேன் அண்ணாச்சி" என்றார் அண்ணன்.

அண்ணாச்சி சிரித்தார். "ஜன்னலக் கழிக்க மறந்துட்டேராக்கும்."

"கழிக்கல. சித்தப்பா உள்ளங்கையில நாலு அடி போட்டாரு."

"சாருன்னா சாருதான். சொந்தப் பிள்ளைன்னும் பாக்க மாட்டாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மறந்துபோய் விட்டவரில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து, தினமும் அந்தச் சுவரில் பந்தடித்து விளையாடியவர். அங்கே ஜன்னல் இல்லையென்று அவருக்குத் தெரியும். இருப்பதை இருக்கிறபடி எழுதி அடி வாங்கிய ஒரே பையன் அவர்தான். பத்திரமும் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. நான் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேனா, இல்லையா, ஞாபகமில்லை. கும்பிட வேண்டும்போல் இருந்தது நிச்சயம்.

அவர் திரும்பிக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு கொத்தனாரிடம், "நாலுக்கு மூணு. அளந்து ஒடைங்க. முந்நூத்தித் தொண்ணூறு வரணும், இல்லைன்னா அடி விழும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போகிற போக்கில், கம்பி நான் போட்டுத் தாரேன், வெளியே ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் ஜன்னல் வந்துவிட்டது. மரச்சட்டம், பச்சைப் பெயிண்ட், அண்ணன் அடித்த கம்பி. மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே வந்து, நான் அதுவரை பார்த்தே இராத கரியையெல்லாம் உத்தரத்தில் காட்டியது. காற்று நன்றாக வந்தது. பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தமும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி நாடாவை வைத்து அளந்து, புத்தகமும் வீடும் ஒத்துப்போகின்றன என்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றுதான் இத்தனை நாள் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் உதவிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் போனபின் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். "எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் கேட்டேன், கேட்டேன், வாய்தான் வலிச்சுது. புத்தகம் கேட்டுச்சு. ரெண்டே நாள்ல தொறந்துட்டாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பயந்து, இத்தனை பஸ் ஏறி, வாயை மூடிக்கொண்டு நான் பட்டதெல்லாம் யாருக்காக? "அவங்களுக்குத் தெரியாதும்மா. நாந்தான் சொல்லாம நின்னேன். ஒனக்காகத்தான் நின்னேன்" என்று கத்தியே விட்டேன்.

"தெரியும்ட்டி. எதுக்குக் கத்துத? ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

ஆகியிருந்தது. கிளம்பவில்லை. தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஏன் குழம்பை விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டேன். இத்தனை வருடம் கழித்து நான் கேட்பதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"அவரு ஒருநா அடிக்கோலத் தூக்கிக்கிட்டு இங்கன வந்து ஒக்காந்தாரு. ஒனக்கு ஜன்னலு என்ன அளவுல வேணும்னு கேட்டாரு. எனக்கு அடி கணக்கெல்லாம் தெரியுமா? கைய இப்பிடி விரிச்சுக் காட்டினேன்." கையை விரித்துக் காட்டினாள். "அவரு கோல வச்சு அளந்தாரு. அகலம் நாலு அடி இருக்குன்னாரு. பொறவு ஒசரத்துக்குக் காட்டச் சொன்னாரு. மூணுன்னு எழுதிக்கிட்டாரு. கொத்தனாரு வாராருன்னு நான் செவத்தோரம் இருந்த பருத்திமாரெல்லாம் அள்ளிக் கிணத்தடியில போட்டேன். ஒரு வாரம் அங்கனயே கெடந்துச்சு. மழையில நனஞ்சுச்சு. ரெண்டு மூணு வருசங் கழிச்சு நீ புத்தகத்த வாசிச்ச."

அப்பாமேல் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்துப்போனவரிடம் சண்டை போட முடியுமா? ஆசையாகத்தான் கேட்டிருப்பார். கோலை வைத்து அளக்கும்போது கொடுத்துவிடுவதாகத்தான் நினைத்திருப்பார். தன் அண்ணன் வீட்டு வாசல் வரை போயிருப்பார். மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். அவர் அப்படித்தான் செய்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கோபம் அடங்கவில்லை.

அம்மா எழுந்து ஜன்னலுக்கு நேரே நின்றாள். விரித்த கையை அப்படியே சட்டத்தோடு வைத்துப் பார்த்தாள். இடது விரல் இந்தப் பக்கச் சட்டத்தில், வலது விரல் அந்தப் பக்கச் சட்டத்தில். சரியாக இருந்தது.

"புத்தகத்துக்குத்தான்னு தெரிஞ்சிருந்தா," என்றாள், "இன்னும் பெருசாவே காட்டியிருப்பேன்ட்டி. எழுதத்தான போறாரு."